முடியரசு வளர்த்த அச்சுக்கூடம்

இங்கிலாந்தின் தொடக்க கால அச்சு வரலாறு பெரும்பாலும் ஒரு போர்க்கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. ஒரு பக்கம், அறிவை ஊரெங்கும் கொண்டு சேர்க்கத் துடிக்கும் அச்சுக்கூடம். எதிர்ப்பக்கம், ஆணைக்கு மேல் ஆணை பிறப்பித்து அதன் கழுத்தை நெரிக்கும் அரசன். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுத்தொழிலைத் தொடங்கியதும் போர் மூண்டது. 1641இல் துண்டுப் பிரசுரங்களின் வெள்ளத்தில் முடியரசு மூழ்கத் தொடங்கியதும் அச்சு வென்றது. இப்படிப் போகிறது கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 165 ஆண்டுகளில் வெளிவந்த நூல்களையும் சிறுநூல்களையும் அரசாணைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை நிற்காது. இங்கிலாந்தில் அச்சுத்தொழில் முடியரசின் மடியில் வளர்ந்தது. அதன் கால்களில் கிடந்த விலங்குகளில் பெரும்பகுதி, அத்தொழில் செய்தவர்களே கேட்டு வாங்கிப் பூட்டிக்கொண்டவை. அரசனின் இரும்புக்கரத்துக்குச் சான்றாகக் காட்டப்படும் அரசாணைகளோ, அவன் கை எட்டாத இடங்களின் பட்டியல்.

போர்க்கதைக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் ஜான் ஃபாக்ஸ் தம் புகழ்பெற்ற தியாகிகள் வரலாற்றில், போப்பின் ஆட்சியை வீழ்த்தக் கடவுள் அனுப்பிய கருவி அச்சுக்கலை என்று எழுதினார். 1641இல் சாமுவேல் ஹார்ட்லிப் வட்டத்திலிருந்து வந்த 'மகாரியா' என்னும் சிறுநூல், அச்சால் அறிவு பரவும், உரிமை அறிந்த மக்கள் ஒடுக்குமுறைக்கு அடங்க மாட்டார்கள் என்று ஆருடம் சொன்னது. பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் பலர் இந்த நம்பிக்கைகளை நடந்து முடிந்த செய்திகளாக எடுத்துக்கொண்டார்கள். ஃபாக்ஸின் நூலை அச்சிட்டவர் யார் என்று பார்த்திருந்தாலே கொஞ்சம் தயங்கியிருப்பார்கள். அவர் ஜான் டே. பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் அரிச்சுவடியையும் வினாவிடை நூலையும் நாட்டில் வேறு எவரும் அச்சிடக் கூடாது என்று அரசாங்கத்திடம் தனியுரிமை வாங்கி வைத்திருந்தவர். அச்சு விடுதலைக் கருவி என்ற வாக்கியம் வெளிவந்ததே, அச்சின்மேல் பூட்டுப் போட்டு வாழ்ந்த ஒருவரின் பட்டறையிலிருந்துதான்.

தொடக்கத்திலிருந்தே பார்க்கலாம். காக்ஸ்டன் ஒரு துணி வணிகர். ப்ரூஜ் நகரில் ஆங்கில வணிகர்களின் தலைவராக இருந்தவர். கொலோன் நகரில் அச்சுத்தொழிலைக் கற்றவர். ஆங்கில மொழியில் முதன்முதலாக அச்சான நூல் டிராய் நகரக் கதைகள். அதை அவர் மொழிபெயர்த்து முடித்தது நான்காம் எட்வர்டின் தங்கையான பர்கண்டிக் கோமாட்டி மார்கரெட்டின் ஊக்கத்தால். தாயகம் திரும்பியபோது லண்டன் நகரத்தின் வணிகத் தெருக்களில் அவர் கடை போடவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் வளாகத்தில், அரண்மனைக்கும் நாடாளுமன்றத்துக்கும் வந்துபோகிறவர்களின் கண்ணில் படும் இடத்தில் போட்டார். 1476 டிசம்பரில் அவர் அச்சிட்ட ஒரு பாவமன்னிப்புச் சீட்டு இன்றும் இருக்கிறது. பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டு அச்சான ஒற்றைத்தாள் படிவம் அது. காசு கொடுத்தவரின் பெயரை வெற்றிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். 1477 நவம்பரில் முடிந்த தத்துவஞானிகள் மொழித்தொகுப்பை மொழிபெயர்த்தவர் ஆண்டனி உட்வில், அரசனின் மைத்துனர். திருச்சபைக்கு ஒரு ரசீதுப் படிவம், அரச குடும்பத்துக்கு ஒரு நூல்: இங்கிலாந்து அச்சின் முதல் வாடிக்கையாளர்கள் இவர்கள்தான்.

அரசு என்ன செய்தது? 1484இல் மூன்றாம் ரிச்சர்டின் நாடாளுமன்றம் வேற்றுநாட்டு வணிகர்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் இயற்றியது. அதில் நூல் விற்பவர், அச்சிடுபவர், கட்டுபவர், ஓவியம் தீட்டுபவர் ஆகியோருக்கு மட்டும் விலக்கு அளித்தது. எழுத்து அச்சுகளும் காகிதமும் கைத்திறனும் கடல் கடந்து வர வேண்டியிருந்த காலம். அச்சைக் கண்டு அஞ்சிய அரசாக இருந்திருந்தால் வாசலை இப்படித் திறந்து வைத்திருக்காது. இந்த விலக்கு 1534இல் நீக்கப்பட்டது. காரணம் கருத்துப் பரவல் பற்றிய அச்சம் மட்டும் அன்று; இப்போது நம் நாட்டவரே தொழில் கற்றுவிட்டார்கள், அவர்கள் பிழைப்பைக் காக்க வேண்டும் என்பதே அந்தச் சட்டம் தன் வாயாலேயே சொல்லும் நியாயம்.

அச்சின் பயனை அரசர்கள் மிக விரைவில் புரிந்துகொண்டார்கள். ஏழாம் ஹென்றி போர்க்களத்தில் முடியைப் பறித்தவர். அவருடைய உரிமை கேள்விக்குரியது. அந்த உரிமையையும் திருமணத்தையும் உறுதிசெய்து போப் எட்டாம் இன்னசென்ட் விடுத்த ஆணை 1486இல் ஆங்கிலத்தில் ஒற்றைத்தாளாக அச்சாயிற்று. காக்ஸ்டன் கடை திறந்து பத்தே ஆண்டுகள்! 1504 வாக்கில் வில்லியம் ஃபேக்ஸ் 'அரசரின் அச்சாளர்' என்ற பட்டத்துடன் நாணயங்கள் பற்றிய அரசாணை ஒன்றை அச்சிட்டார். அவருக்குப் பின் ரிச்சர்ட் பின்சன், அவருக்குப் பின் தாமஸ் பெர்த்தலெட். 1521இல் எட்டாம் ஹென்றி லூதருக்கு எதிராக எழுதிய லத்தீன் நூலைப் பின்சன் அச்சிட்டார். அதற்காகப் போப் வழங்கிய 'நம்பிக்கையின் காவலர்' பட்டத்தை, அதே போப்பாட்சியோடு உறவை முறித்துக்கொண்ட பிறகும் ஹென்றி விடவில்லை. ஹென்றியின் மணமுறிவு விவகாரத்தில் அரசனின் பக்கத்தை மக்களிடம் எடுத்துச் சொன்ன சிறுநூல்கள் பெர்த்தலெட்டின் கூடத்திலிருந்து வந்தன. இதில் அச்சு யாருக்கு எதிரி?

1539இல் வெளிவந்த 'பெரிய விவிலியம்' இதற்கு நல்ல சான்று. அதன் முகப்புப் பக்கத்தை உற்றுப் பார்க்க வேண்டும். உச்சியில் அரியணையில் ஹென்றி. அவர் இரு கைகளாலும் நூலை ஆயர்களுக்கும் அமைச்சர்களுக்கும் கொடுக்கிறார். அவர்கள் கீழே இருப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அடியில் கூடி நிற்கும் பொதுமக்களின் வாயிலிருந்து வரும் சொற்கள் சிறு பட்டைகளில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்கள் கடவுளைப் புகழவில்லை; அரசன் வாழ்க என்கிறார்கள். 1541இல் வந்த அரசாணை, இந்த நூலை வாங்கி வைக்காத திருச்சபைப் பங்கு ஒவ்வொன்றுக்கும் மாதம் 40 ஷில்லிங் தண்டம் விதித்தது. கட்டாத படிக்கு 10 ஷில்லிங், கட்டிய படிக்கு 12 என்று விலையையும் நிர்ணயித்தது. நூலைத் தடுக்க அல்ல, நூலை வாங்க வைக்கப் போட்ட அரசாணை இது. இரண்டே ஆண்டு கழித்து, 1543இல், அதே அரசனின் சட்டம் கைவினைஞரும் பணியாட்களும் பெரும்பாலான பெண்களும் விவிலியம் படிக்கக் கூடாது என்றது. அச்சு மாறவில்லை, நூலும் மாறவில்லை. மாறியது அரசனின் கணக்கு.

அரசரின் அச்சாளர் பதவி எத்தகையது என்பதை ரிச்சர்ட் கிராஃப்டன் அறிந்துகொண்டார். பெரிய விவிலியத்தை வெளியிட்ட இருவரில் ஒருவர் அவர். ஆறாம் எட்வர்டின் காலத்தில் அரச அச்சாளர். 1553 ஜூலையில் எட்வர்ட் இறந்ததும், ஜேன் கிரே அரசியானார் என்று 10ஆம் தேதியிட்ட அரசாணையை அச்சிட்டு, அடியில் தம்மை 'அரசியின் அச்சாளர்' என்று குறித்தார். 19ஆம் தேதி லண்டனில் மேரி அரசியாக அறிவிக்கப்பட்டார். ஒன்பது நாள் ஆட்சிக்கு அச்சடித்ததற்காகக் கிராஃப்டன் பதவியை இழந்து சிறையும் புகுந்தார். அவர் இடத்துக்கு ஜான் கேவுட் வந்தார். கிராஃப்டன் யாரையும் எதிர்த்து எதையும் அச்சிடவில்லை. அரசாங்கம் சொன்னதை அச்சிட்டார், அரசாங்கம்தான் மாறிப்போயிற்று.

இனி அரசாணைகள். கறுப்பெழுத்தில், தாளின் ஒரு புறம் மட்டும் அச்சாகி, தலைப்பில் அரசச் சின்னமும் அடியில் 'கடவுள் அரசனைக் காப்பாராக' என்ற வரியும் கொண்ட அந்தத் தாள்களைப் பார்க்கிறவர்களுக்கு, எல்லாம் வல்ல ஓர் அதிகாரம் பேசுவது போலத்தான் தோன்றும். உண்மையில் சட்ட வலிமை அச்சுத்தாளில் இல்லை. அரசன் கையெழுத்திட்டு, பெருமுத்திரை பதித்த தோல் ஏட்டில் இருந்தது அது. ஷெரீப்புகளுக்கும் நகரத் தலைவர்களுக்கும் உத்தரவு போகும். சந்தை நாளில் கூட்டத்துக்கு நடுவே உரக்கப் படிப்பார்கள். பிறகு அச்சுத்தாளைச் சுவரிலோ கம்பத்திலோ ஒட்டுவார்கள். அதற்குமேல் அதை நடைமுறைப்படுத்தக் காவல்துறை கிடையாது, நிலைப்படை கிடையாது. சம்பளம் வாங்காத உள்ளூர் நீதிபதிகளும் கான்ஸ்டபிள்களும்தான். அரசாணைக்கு நாடாளுமன்றச் சட்டத்துக்கு இணையான வலிமை தர 1539இல் ஒரு சட்டம் வந்தது; 1547இல் அது நீக்கப்பட்டது. 1610இல் எட்வர்ட் கோக் முதலிய நீதிபதிகள், அரசாணையால் புதிய குற்றம் எதையும் உருவாக்க முடியாது என்று முதலாம் ஜேம்ஸிடமே சொல்லிவிட்டார்கள்.

ஆகவே ஓர் ஆணை திரும்பத் திரும்ப வந்தால் அதற்குப் பொருள் ஒன்றுதான்: முதல் ஆணையை யாரும் மதிக்கவில்லை. அரசு விவகாரங்களைப் பற்றி மக்கள் வாய்க்கு வந்தபடி பேசக் கூடாது என்று ஜேம்ஸ் 1620 டிசம்பர் 24இல் ஆணையிட்டார். 1621 ஜூலை 26இல் அதையே மீண்டும் ஆணையிட்டார். அந்த மாதங்களில் லண்டனில் நடந்தது என்ன? ஐரோப்பியப் போர்ச் செய்திகளைச் சுமந்த செய்தித்தாள்கள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஆங்கிலத்தில் வரத் தொடங்கின. விரைவில் லண்டனிலேயே அச்சாகின. 1623இல் ஒழுங்கற்ற அச்சை எதிர்த்து ஓர் ஆணை, 1624இல் கலகநூல்களை எதிர்த்து இன்னோர் ஆணை. பாடநூல்கள் இவற்றை 'அடக்குமுறை ஆணைகள்' என்று பட்டியலிடுகின்றன. அடக்குவதற்கு ஒன்று போதுமானதாக இருந்திருந்தால் அடுத்தது தேவைப்பட்டிருக்காது.

1579இல் ஜான் ஸ்டப்ஸ் விவகாரம் அரசாணையின் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. முதலாம் எலிசபெத் பிரெஞ்சு இளவரசரை மணக்கக் கூடாது என்று அவர் எழுதிய சிறுநூல் ஆகஸ்டில் வந்தது. செப்டம்பர் 27இல் அதற்கு எதிராக நீண்ட அரசாணை வந்தது: படிகளைத் திரட்டுக, அதிகாரிகள் கண்முன் அழித்துவிடுக. அந்த நூலைக் கண்ணால் பார்க்காத ஊர்களிலும், அப்படி ஒரு நூல் உண்டு, அது அரசியின் திருமணத்தைப் பற்றியது என்ற செய்தியை ஊர்ச்சந்தையில் நின்று அறிவித்தது அரசாணைதான். நூலுக்கு இதைவிட நல்ல விளம்பரம் அமைந்திருக்காது. நவம்பரில் ஸ்டப்ஸின் வலக்கை வெட்டப்பட்டது. நூலைப் பரப்பிய வில்லியம் பேஜின் கையும் வெட்டப்பட்டது. அச்சிட்ட ஹ்யூ சிங்கிள்டனோ மன்னிக்கப்பட்டார். அதே ஆண்டு எட்மண்ட் ஸ்பென்சரின் மேய்ப்பர் நாட்காட்டிக் கவிதைகளை அச்சிட்டு வெளியிட்டார். கொடுமை நடந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அது பேனா பிடித்தவரின் கையைத் தேடி வந்தது. அச்சு இயந்திரத்தை அரசு எதிரியாகக் கருதியதற்கு அதில் சான்று இல்லை.

போர்க்கதை சொல்பவர்கள் பெரும்பாலும் விரைந்து கடந்துபோகும் இடம் ஸ்டேஷனர்ஸ் கம்பெனி. லண்டன் நூல் வணிகர்களின் இந்தச் சங்கத்துக்கு 1557 மே மாதம் அரசி மேரியும் அவர் கணவர் பிலிப்பும் பட்டயம் வழங்கினார்கள். அதன்படி, சங்க உறுப்பினரோ தனி அரசு அனுமதி பெற்றவரோ தவிர வேறு யாரும் நாட்டில் அச்சிடக் கூடாது. சங்கத் தலைவர்கள் எந்த அச்சாளர் வீட்டுக்குள்ளும் நுழைந்து சோதனையிடலாம், நூல்களைப் பறிக்கலாம், அழிக்கலாம். இது மேலிருந்து திணிக்கப்பட்ட நுகம் என்று சொல்லப்படுகிறது. திணிக்கப்பட்ட நுகத்தை, அரசி மாறியதும் 1559இல் எலிசபெத்திடம் கொண்டுபோய் உறுதிசெய்துகொள்வார்களா? அரசுக்குக் கலகநூல் பற்றிய கவலை. வணிகர்களுக்குத் தங்கள் நூலை வேறொருவன் திருட்டு அச்சடித்து விற்றுவிடுவானோ என்ற கவலை. இரண்டு கவலைக்கும் ஒரே பூட்டுப் பொருந்தியது. சாவியை வணிகர்கள் வைத்துக்கொண்டார்கள். 1586இல் அரசவை ஆலோசகர்கள் அமர்ந்த நீதிமன்றமான ஸ்டார் சேம்பர் பிறப்பித்த ஆணை, அச்சை லண்டனுக்குள்ளும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்குத் தலா ஓர் இயந்திரத்துக்குள்ளும் அடைத்தது. 1637 ஆணை, முதலாளி அச்சாளர்களின் எண்ணிக்கையை 20 ஆக்கியது. அந்த 20 பேருக்குள் வந்தவர்கள் இதை எதிர்த்து ஏன் குரல் எழுப்பப் போகிறார்கள்?

ஜான் வுல்ஃபின் வாழ்க்கையை ஒருமுறை படித்துவிட்டால் விடுதலை அச்சு என்ற பேச்சே கூச்சம் தரும். மீன் வணிகர் சங்க உறுப்பினரான வுல்ஃப் 1580களின் தொடக்கத்தில் மற்றவர்களுக்குத் தனியுரிமை வழங்கப்பட்ட நூல்களைத் துணிந்து அச்சிட்டு விற்றார். ஏனென்று கேட்டவர்களிடம், லூதர் தனியொருவராக மதத்தைச் சீர்திருத்தியது போல இந்தத் தொழிலைத் தாம் சீர்திருத்தப் போவதாக முழங்கினார். 1583இல் எடுத்த கணக்கெடுப்பில் அவரிடம் வெளிப்படையாக 3 இயந்திரங்கள். நிலவறை ஒன்றில் ஒளித்து வைத்தவை இன்னும் 2. பிறகு என்ன ஆயிற்று? அதே ஆண்டில் அவரை ஸ்டேஷனர்ஸ் கம்பெனியில் சேர்த்துக்கொண்டார்கள். வேலையில் பங்கும் தந்தார்கள். சீர்திருத்தப் பேச்சு நின்றது. 1587இல் அவர் கம்பெனியின் சோதனை அலுவலரானார். திருட்டு அச்சுக்கூடங்களைத் தேடிப் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. நிலவறைகள் எங்கெல்லாம் இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன!

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் பார்த்துவிட வேண்டும். மறைவு அச்சு இருந்தது. அதற்காக மனிதர்கள் செத்தார்கள். வில்லியம் டிண்டேல் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டின் அச்சு 1525இல் கொலோனில் தடைபட்டு, 1526இல் வோர்ம்ஸ் நகரில் முடிந்தது. படிகள் சரக்கு மூட்டைகளுக்குள் கடல் கடந்து வந்தன. ஆயர் கத்பர்ட் டன்ஸ்டால் அவற்றை லண்டனில் எரித்தார். டிண்டேல் 1536இல் பிரஸ்ஸல்ஸ் அருகே கொல்லப்பட்டார். கத்தோலிக்க நூல் அச்சிட்ட வில்லியம் கார்ட்டர் 1584இல் தூக்கிலிடப்பட்டார். 1588 அக்டோபர் முதல் ஓராண்டு காலம் 'மார்ட்டின் மார்பிரிலேட்' என்ற புனைபெயரில் ஆயர்களைக் கிழித்தெறிந்த சிறுநூல்கள் வந்தன. அவற்றை அச்சிட்ட இயந்திரம் வண்டியில் ஏறி ஈஸ்ட் மோல்சி, ஃபாஸ்லி, கோவென்ட்ரி, வுல்ஸ்டன் என்று ஊர் ஊராக ஓடி, கடைசியில் மான்செஸ்டர் அருகே பிடிபட்டது. அதோடு தொடர்புடைய ஜான் பெனரி 1593இல் தூக்கிலிடப்பட்டார்.

இவை பெரிய தியாகங்கள். ஆனால் இவற்றின் புகழ் அந்த மனிதர்களின் மதப் பற்றுக்கு உரியது. மர இயந்திரத்துக்கு உரியது அன்று. டிண்டேலின் நூல்களை எரித்த அரசே, அவருடைய மொழிபெயர்ப்பைப் பெருமளவு உள்ளடக்கிய விவிலியத்தைப் பின்னால் கட்டாயமாக்கியது. மார்பிரிலேட்டுக்குப் பதில் சொல்ல அரசுத் தரப்பும் அதே நக்கல் நடையில் எழுத ஆள் பிடித்தது. அந்தச் சிறுநூல்களின் முதல் அச்சாளர் ராபர்ட் வால்டிகிரேவ் பிடிபடவில்லை, ஸ்காட்லாந்துக்குப் போனார், 1590இல் அங்கே ஆறாம் ஜேம்ஸின் (பின்னாளில் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ்) அரச அச்சாளர் ஆனார். அரசன் தன் மகனுக்கு எழுதிய ஆட்சி அறிவுரை நூலை 1599இல் ஏழே படிகள் அச்சிட்டுக் கொடுத்தவர் அவர்தான். எலிசபெத் இறந்து ஜேம்ஸ் லண்டனுக்கு வருகிறார் என்றதும், 1603இல் லண்டன் வணிகர்கள் அந்நூலைப் போட்டி போட்டுக்கொண்டு அச்சடித்து விற்றார்கள். புதிய அரசனின் எழுத்து அந்த வாரங்களில் நன்றாக விற்ற சரக்கு.

அச்சு, நூலின் பாடத்தை நிலைநிறுத்தி எல்லோர் கையிலும் ஒரே நூலைக் கொடுத்தது என்ற துணைவாதமும் இதே ரகம். அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே இயந்திரத்தை நிறுத்திப் பிழை திருத்துவார்கள். திருத்தாத தாளையும் வீணாக்காமல் கட்டில் சேர்ப்பார்கள். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 பெருந்தொகுப்பில் ஒரு படி இன்னொரு படியோடு முழுக்க ஒத்துப்போவதில்லை. அரச அச்சாளர் ராபர்ட் பார்க்கர் 1631இல் வெளியிட்ட விவிலியத்தில், விபசாரத்தைத் தடுக்கும் கட்டளையில் 'செய்யாதே' என்பது 'செய்' ஆகிவிட்டது. 300 பவுண்டு தண்டம். நாட்டின் மிக உயர்ந்த அச்சுரிமையை வைத்திருந்த பார்க்கர் கடனாளியாகிச் சிறையிலேயே இறந்தார்.

1641க்கு வரும்போது போர்க்கதைக்காரர்களின் குரல் உயர்கிறது. ஜார்ஜ் தாமசன் என்ற லண்டன் நூல் வணிகர் 1640 முதல் 1661 வரை சேர்த்த சிறுநூல்களும் செய்தித்தாள்களும் சுமார் 22,000. 1642இல் மட்டும் அவர் சேர்த்தவை 2,000ஐ நெருங்கும். அச்சு வெடித்தது உண்மை. ஆனால் எதனால்? கூடங்களில் இருந்தது காக்ஸ்டன் காலத்து மர இயந்திரம்தான், வேகம் கூடவில்லை. ஸ்காட்லாந்துப் போரில் முதலாம் சார்லஸின் கருவூலம் காலியாகி, வேறு வழியின்றி நாடாளுமன்றத்தைக் கூட்டினார். அது 1641 ஜூலையில் ஸ்டார் சேம்பர் மன்றத்தையே கலைத்தது. தண்டிக்கும் மன்றம் போனதும் தடை போயிற்று. முடியரசின் வீழ்ச்சியால் அச்சு பெருகியது. அச்சுப் பெருக்கத்தால் முடியரசு வீழவில்லை. காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைத்ததே இந்தக் கதையின் மூலப்பிழை.

பெருகிய அச்சும் ஒரு கட்சிக்கு மட்டும் உழைக்கவில்லை. நாடாளுமன்றத்தோடு மோதல் முற்றி அரசன் யார்க் நகருக்கு நகர்ந்தபோது அவனுடைய அரசாணைகளும் அங்கே அச்சாகின. பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் அரச ஆதரவுச் செய்தித்தாள் நடந்தது. 1643இல் ஸ்டேஷனர்ஸ் கம்பெனி நாடாளுமன்றத்திடம் மன்றாடியது: பழைய கட்டுப்பாட்டைத் திரும்பக் கொடுங்கள். ஜூன் மாதம் நாடாளுமன்றம் முன்தணிக்கை ஆணையைப் பிறப்பித்தது. அதை எதிர்த்து 1644இல் 'அரியோபகிடிகா' என்ற சிறுநூலை எழுதிய கவிஞர் ஜான் மில்டனே 1651இல் அரசுச் செய்தித்தாளுக்கு அனுமதி முத்திரை வழங்கும் வேலையைப் பார்த்தார். உள்நாட்டுப் போரில் தோற்ற சார்லஸின் தலை 1649 ஜனவரி 30இல் வெட்டப்பட்ட உடனே, அவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட 'ஐகான் பசிலிகே' வெளிவந்து, அந்த ஓராண்டில் சுமார் 35 ஆங்கிலப் பதிப்புகள் கண்டது. அதை மறுத்து அரசாங்கத்துக்காக மில்டன் எழுதிய நூலால் அதன் விற்பனையை எட்டிப் பிடிக்க முடியவில்லை. அந்த ஆண்டின் அச்சுச் சந்தையில் வென்றவர் கொல்லப்பட்ட அரசர்.

முடியாட்சி திரும்பியபின் 1662இல் வந்த அச்சு உரிமச் சட்டம் 1695இல் காலாவதியானது. அச்சுச் சுதந்திரத்தின் பிறந்தநாள் என்று அந்த ஆண்டு கொண்டாடப்படுகிறது. சட்டத்தை ஏன் புதுப்பிக்கவில்லை என்று நாடாளுமன்றக் கீழவை கொடுத்த காரணப் பட்டியலைப் படித்தால் கொண்டாட்டம் அடங்கிவிடும். கம்பெனியின் ஏகபோகம், இறக்குமதி நூல்கள் துறைமுகத்தில் முடங்குவது, வீடு புகுந்து சோதனையிடும் தொல்லை, தெளிவற்ற தண்டனைகள் என்று வணிகத்தையும் நிர்வாகத்தையும் பற்றிய குறைகளே அதில் இருந்தன. கருத்துரிமை ஒரு கொள்கையாக அங்கே பேசப்படவே இல்லை. சட்டம் போனதில் கலங்கியவர்களும் லண்டன் நூல் வணிகர்களே. கட்டுப்பாட்டைத் திரும்பக் கேட்டு அடுத்த 15 ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் நாடாளுமன்றத்தில் மனுக் கொடுத்தார்கள். 1710இல் அவர்களுக்குக் கிடைத்தது வேறொன்று: புதிய நூல்களுக்கு 14 ஆண்டும், ஏற்கெனவே அச்சான நூல்களுக்கு 21 ஆண்டும் பதிப்புரிமை தந்த ஆன் அரசியின் சட்டம்.